வட்டுக்கோட்டை வளவு புகட்டும் பாடம்

ஒரு சமுதாயம் தன் பாடசாலையை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிவதற்கு அதன் பரிசளிப்பு விழாவுக்குப் போகவேண்டியதில்லை. அங்குள்ள பழைய கட்டடத்தைப் போய்ப் பார்த்தாற் போதும். கூரை ஒழுகுகின்றதா? பழைய இடாப்புகள் கறையானுக்கு இரையாகின்றனவா? வளவின் உறுதி யாருடைய கையில் இருக்கின்றது? அந்த வளவுக்குள் யாருடைய பிள்ளை தலைநிமிர்ந்து நுழையலாம்? இந்நான்கு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடையே அந்தச் சமுதாயத்தின் உண்மையான கல்வி அறிக்கை.

இக்கேள்விகளை நாம் இன்று எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. மாணவர் தொகை குறைந்துவிட்டது என்ற ஒரே வாசகத்தோடு வடக்கின் கிராமப் பாடசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படும் நிலை வந்துள்ளது. நூறாண்டைத் தாண்டிய மண்டபங்கள், "பழுதடைந்தவை" என்ற சொல்லின் கீழ், அளவோ படமோ எடுக்கப்படாமல் இடிக்கப்படுகின்றன. ஊர் கூடிக் கேட்டதுமில்லை. ஊரைக் கூட்டிக் கேட்டாருமில்லை. இது சில்லறை விடயமன்று. நம்முடைய பிள்ளைகளின் கல்வியைப் பற்றிய முடிவை யார் எடுப்பது என்ற தலையாய கேள்வி இதற்குள் அடங்கியிருக்கின்றது. அக்கேள்விக்கு விடை தேட நாம் வாசகர்களை வட்டுக்கோட்டைக்கு அழைக்கின்றோம்.

வட்டுக்கோட்டை என்றதும் 1976ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி பண்ணாகத்தில் நிறைவேறிய தீர்மானமே எவருக்கும் நினைவில் எழும். ஆனால் அம்மண்ணுக்கு அதனினும் நூறாண்டு முந்திய தீர்மானம் ஒன்றும் உண்டு. மூடப்பட்ட ஒரு பாடசாலையை மீளத் திறப்பித்தே தீர்வது என்று நம்மவர்கள் கொண்ட உறுதி அது. அதன் வரலாற்றைக் கேளுங்கள்.

1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். போர்த்துக்கேயர் காலத்துக் கோயில் நின்ற இடத்தில் ஒல்லாந்தர் கட்டிய கற்கோயில் ஒன்று அப்போது வட்டுக்கோட்டையில் கூரையிழந்து நின்றது. அதனையும் அதனைச் சூழ்ந்த வளவையும் ஆங்கில அரசாங்கம் அவர்களிடம் ஒப்படைத்தது. ஆண்டவர்கள் மூவர், அடித்தளம் ஒன்று. ஆனால் கல்லைச் சுமந்தவனும், சுண்ணாம்பு நீற்றியவனும், பனை தறித்து வளையும் சிலாகையும் சீவியவனும் எக்காலத்திலும் இந்த மண்ணின் மைந்தனே. நாட்டிய கொடிகள் மாறின. நாட்டிய கைகள் மாறவில்லை. ஆகையால் அக்கட்டடத்தை அந்நியரின் சொத்து என்று அலட்சியம் செய்வாரும் தவறு செய்கின்றனர். அந்நியர் அளித்த பிச்சை என்று பூரிப்பாரும் தவறு செய்கின்றனர்.

1823ஆம் ஆண்டு டானியல் பூர் என்பாரைத் தலைவராகக் கொண்டு அவ்வளவில் உயர்தரப் பாடசாலை ஒன்று தொடங்கியது. அதனைக் கல்லூரியாக்கவே நிறுவியோர் விரும்பினர். அமெரிக்கருக்குக் கல்லூரிப் பட்டயம் வழங்க ஆங்கில அரசாங்கம் இசையவில்லை. அதனால் அது செமினரி என்ற பெயரோடு நின்றது. பட்டயத்தை மறுக்கலாம், படிப்பை மறுக்க முடியுமா? கணிதம், வானநூல், தருக்கம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியங்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. பின்னாளில் இத்தீவின் பிரதம நீதியரசராய் விளங்கிய சேர் றிச்சர்ட் ஓட்லியின் பெயரை அங்குள்ள மண்டபம் ஒன்று தாங்கி நிற்கின்றது. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் ரெனன்ற், 1850இல் வெளியிட்ட தமது நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என்று இப்பாடசாலையை மதித்து எழுதினார்.

மிஷனரிமாரின் நோக்கம் மதமாற்றமே. அதனை அவர்களே மறைத்தாரல்லர். நாமும் மறைக்கவேண்டியதில்லை. பாடசாலையிற் சேர்ந்த சிறுவருக்கு அமெரிக்கக் கொடையாளிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. கரோல், ஆர்னல்ட், நெவின்ஸ், ஹென்றி மார்ட்டின் என்றெல்லாம் நம் முன்னோர் பெயர் பெற்றது இவ்வாறே. பணம் கொடுத்தவன் பெயரைப் பிள்ளையின் தலையிற் சுமத்துவது பெருமைக்குரிய வழக்கமன்று. எனினும் அப்பெயரைச் சுமந்தவர்கள் தம் நாவை மறந்தார்களா என்று கேளுங்கள். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் "பாவலர் சரித்திர தீபகம்" எழுதித் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்தளித்தார். ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் 1841இல் "உதயதாரகை" பத்திரிகையின் ஆசிரியர்களாயினர். வளவுக்குள் நுழைந்தது அந்நியப் பெயர். வளவிலிருந்து வெளிவந்தது தமிழ்த் தொண்டு.

அவ்வளவில் நடந்த வாழ்வைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1829ஆம் ஆண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அராலியில் வழிவழியாகப் பஞ்சாங்கம் கணித்து வந்தவரும் கணித்தார், பூரும் கணித்தார். இரு கணக்கும் வேறுபட்டன. எது சரி என்பதை வாதம் தீர்க்கவில்லை. அன்றிரவு வானமே தீர்த்தது. கிரகணம் பூரின் கணிப்பின்படி நிகழ்ந்தது. இதனை அந்நியரின் வெற்றி என்று கொள்வது சிற்றறிவு. அதே செமினரியின் தலைவராகப் பின்னர் விளங்கிய ஹொய்சிங்டன், நம்மவர் கையாண்ட வானநூல் முறையை ஆங்கிலத்திற் பெயர்த்து, விளக்கக் குறிப்புகளோடு 1848இல் அச்சேற்றினார். நம்முடைய கணக்கு இகழ்ந்து எறியத்தக்கதன்று, கற்று ஆராயத்தக்கது என்பதற்கு அதுவே சான்று. எந்தக் கணக்கையும், அது யாருடைய கணக்காயினும், வானத்தோடு ஒத்துப் பார்ப்பதே கல்வி. பஞ்சாங்கத்துக்கு மட்டுமல்ல, அரசாங்கத்தின் கணக்குக்கும் இந்த நீதி பொருந்தும்.

இவ்வளவு புகழோடு நடந்த பாடசாலை 1855ஆம் ஆண்டு மூடப்பட்டது. மூடியது யார்? கொள்ளை நோயா? பஞ்சமா? பெற்றோரின் அலட்சியமா? இவற்றுள் எதுவுமன்று. போஸ்ரன் நகரிலிருந்த அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் ஆராய்வின் பேரிலேயே அது மூடப்பட்டது. ஆங்கிலம் மிகுந்துவிட்டது, மாணவர் உத்தியோகத்தை நாடுகின்றனர், சுவிசேஷப் பணிக்கு வருவோர் குறைவு என்பனவே குற்றச்சாட்டுகள். தாய்மொழிக் கல்வியே தக்கது என்றும் சொல்லப்பட்டது. தாய்மொழியை நேசிப்பதில் நாம் எவருக்கும் பின்னிற்போரல்லேம். ஆனால் தாய்மொழியின் பெயரால் உயர்கல்வியின் கதவை அடைப்பது தாய்மொழிக்குச் செய்யும் தொண்டாகுமா? தமிழனுக்குத் தமிழும் வேண்டும், உலகத்து அறிவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று கடல் கடந்து வந்து கட்டளையிடும் உரிமையை அவர்களுக்கு அளித்தவர் யார்?

அந்த முடிவு எத்துணைப் பிழையானது என்பதைக் காலம் இரண்டே ஆண்டில் காட்டியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அது முதன்முதலாகப் பட்டம் வழங்கியபோது அதனைப் பெற்றவர் இருவர்: கரோல் விசுவநாதபிள்ளை ஒருவர், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை மற்றவர். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்கள்! பயனற்றதென மூடப்பட்ட பாடசாலையின் பிள்ளைகளே தென்னிந்தியாவின் புதிய பல்கலைக்கழகத்துக்கு முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளையோ பட்டத்தோடு அமைந்தாரல்லர். ஏட்டுச் சுவடியில் இற்றுக்கொண்டிருந்த தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றித் தமிழுலகுக்கு மீட்டுக் கொடுத்தார். அவர் ஆங்கிலம் கற்றதால் தமிழ் இழந்தது யாது? பெற்றது யாது? றூபஸ் அண்டர்சனின் குற்றப்பத்திரத்துக்கு இதனினும் சிறந்த மறுமொழி எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது.

இனித்தான் நாம் முதலிற் குறித்த தீர்மானம் வருகின்றது. பாடசாலை மூடியதும் நம்மவர் ஒப்பாரி வைத்துவிட்டு ஓய்ந்தாரல்லர். பழைய மாணவர்களும் ஊரவர்களும் 1860களின் பிற்பகுதியில் ஒன்றுகூடினர். உயர்கல்வி நிலையம் மீண்டும் வேண்டும் என்று கேட்டனர். கேட்டதோடு நின்றாரா? தம் மடியை அவிழ்த்துப் பணமும் திரட்டினர். அமெரிக்காவிலும் நிதி சேர்க்கப்பட்டது. அதன் பயனாக 1872ஆம் ஆண்டு அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி உதயமாயிற்று. 17 ஆண்டுகள் ஊர் விடாப்பிடியாக நின்றது. 17ஆம் ஆண்டில் மணி மீண்டும் ஒலித்தது. மனுவும் பணமும் மனவுறுதியும் ஒருங்கு சேர்ந்தால் போஸ்ரனில் எழுதிய தீர்ப்பையும் வட்டுக்கோட்டையில் மாற்றி எழுதலாம் என்பதே அவ்வரலாறு நமக்குத் தரும் முதற் பாடம்.

அதே காலத்தின் மற்றொரு வழியையும் மறத்தலாகாது. ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அரசாங்க உதவி இல்லாமலே பல்லாண்டு நடத்திக் காட்டினார். வட்டுக்கோட்டையார் பிறர் மூடியதைத் திறப்பித்தனர்; நாவலர் பிறர் தராததைத் தாமே கட்டினார். சமயத்தால் வேறுபட்ட இவ்விரு முயற்சிகளின் அடிப்படை ஒன்றே: நம் பிள்ளையின் கல்விக்கு நாமே பொறுப்பு.

இவ்வளவு சொன்ன நாம் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது வழக்கறிஞன் தன் கட்சிக்குப் பாதகமான சாட்சியை மறைப்பது போலாகும். அந்த வளவு எல்லாருக்கும் திறந்திருந்ததா? இல்லை. செமினரியின் ஆரம்ப நாளில் சமையலும் பந்தியும் சாதிக் கட்டுக்கு இசைந்தே நடந்தன. மாணவரிற் பெரும்பாலார் மேற்சாதியினரின் பிள்ளைகள். சமத்துவத்தைப் போதித்த மிஷனும் யாழ்ப்பாணத்துச் சாதிக்கு முன்னே நெடுங்காலம் விட்டுக்கொடுத்தது. மற்றைப் பாடசாலைகளின் நிலை இன்னும் மோசம். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளை பாடசாலைக்குள் விடப்பட்டாலும் வாங்கில் அமர விடப்படவில்லை. நிலத்திலிருந்து படி என்றனர். கிணற்றடிக்கு வராதே என்றனர்.

1930ஆம் ஆண்டை ஒட்டி, அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று கல்விப் பகுதியார் கட்டளையிட்டனர். அதற்கு யாழ்ப்பாணத்திற் சிலர் அளித்த மறுமொழி யாது? சம ஆசனம் வழங்கிய பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர்! கட்டளையை நீக்குமாறு மனுவும் எழுதினர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது உலகறிய அழுத இனம் நாம். அழுதது நியாயம். ஆயினும் ஏழைப் பிள்ளை வாங்கில் இருந்துவிடுவானே என்று பாடசாலைக்குத் தீ வைத்த கைகளும் தமிழ்க் கைகளே என்பதைச் சரித்திரம் அழிக்காது. அந்நியன் வைத்த தீயை மட்டும் எண்ணுபவன் பாதிக் கணக்கே எழுதுகின்றான்.

அந்த இருளிலும் விளக்கு ஏற்றியவர்கள் இருந்தனர் என்பதே நமக்கு ஆறுதல். யாழ்ப்பாணக் கல்லூரியிற் படித்து, அங்கேயே ஆசிரியராய் இருந்த ஹண்டி பேரின்பநாயகம் அவர்கள் 1924இல் மாணவர் காங்கிரசை நிறுவிய முன்னோடிகளில் முதல்வர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அவ்வியக்கம் சாதிக் கொடுமையை எதிர்த்தது, சமபந்தி நடத்தியது, தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தியது. அதன் அழைப்பை ஏற்றே 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். சாதிப் பந்தியோடு தொடங்கிய வளவிலேயே சமபந்திக்கு அறைகூவியவர்களும் தோன்றினர். கட்டடம் மாறவில்லை, வளவுக்குள் நடந்த வாழ்வு மாறியது. நாம் காக்கவேண்டியது வெறுங் கல்லையல்ல, இந்த மாற்றத்தின் சாட்சியத்தை.

அதன் பின்னர் சட்டமும் நடந்துவந்தது. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பெயரால் ஒரு பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளின் முகாமையையும் ஆதனத்தையும் அரசாங்கத்தின் கையிற் சேர்த்தன. யாழ்ப்பாணக் கல்லூரியைப் போன்ற ஒரு சில தனியார் பாடசாலைகளாக நின்றன; ஏனையவை அரசாங்கப் பாடசாலைகளாயின. பல மதச்சாலைகளின் கதவு இதனால் எல்லாருக்கும் திறந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் ஊரார் நிலம் எழுதிக் கொடுத்து, கமக்காரன் புகையிலை விற்ற பணத்தைக் கொட்டி எழுப்பிய பாடசாலை பற்றிய முடிவு அன்று முதல் ஊரை விட்டு அகன்றது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போஸ்ரனுக்குப் பதிலாகக் கொழும்பு என்பதே வேற்றுமை.

கிராமத்துப் பாடசாலை வளவு என்பது யாது? காலையில் இறைவணக்கம் ஒலிக்கும் இடம். இடைவேளையில் பணிசு பகிர்ந்து தின்னும் வேப்பமர நிழல். மாலையில் கிளித்தட்டு மறிக்கும் மணல். தேர்தல் வந்தால் வாக்குச் சாவடி; வெள்ளம் வந்தால் புகலிடம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது முதலிற் கதவு திறந்தவை கோயில்களும் பாடசாலைகளுமே. வகுப்பறை வாங்குகளே அன்று குழந்தைகளுக்குத் தொட்டிலாயின. அத்தகைய வளவை, "மாணவர் இருபது பேர்தான்" என்று ஒரு கோவையில் எழுதி மூடிவிடலாமா?

மாணவர் ஏன் குறைந்தனர் என்று முதலிற் கேட்போம். போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் ஒரு காரணம். பிறப்புக் குறைந்தது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் நம்மிடமே உள்ளது. சட்டத்தரணியும் வைத்தியரும் பொறியியலாளரும் தம் பிள்ளைகளை நகரத்துப் பெரிய பாடசாலைக்கு அனுப்புகின்றனர். அதைக் கண்டு கமக்காரனும் கடன் பட்டு, வானுக்குக் காசு கட்டி, அங்கேயே அனுப்புகின்றான். எஞ்சி நிற்பது எவருடைய பிள்ளை? எங்கும் போகமுடியாத கூலித் தொழிலாளியின் பிள்ளை. அந்நாளில் பிள்ளையை வாங்கிலிருந்து இறக்கி நிலத்தில் இருத்தினர். இந்நாளில் பிள்ளையை அங்கேயே இருத்திவிட்டு ஏனையோர் எழுந்து போய்விட்டனர். கடைசியில் அந்த வாங்கையும் அரசாங்கம் எடுத்துச் செல்கின்றது. இது புதிய உருவிற் பழைய கொடுமையே அன்றி வேறென்ன?

1987இல் வந்த 13ஆந் திருத்தத்தின் கீழ் மாகாணப் பாடசாலைகள் மாகாண சபைக்கு உரியன. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மக்கள் தெரிந்த சபை இல்லாதபோது பாடசாலையை மூடும் முடிவை உத்தியோகத்தர் எழுதினால், மக்கள் யாரைப் போய்க் கேட்பது? அதிகாரப் பகிர்வு வேண்டும் என்று மேடையில் முழங்குவோர், தம் ஊர்ப் பாடசாலையின் அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போனதுண்டா? கையிலிருக்கும் சிறு அதிகாரத்தைக் கைநழுவ விடுபவனிடம் பெரிய அதிகாரம் எவ்வாறு வந்து சேரும்?

ஆகவே நாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, எந்தப் பாடசாலையையும் மூடுமுன் ஊரவரைக் கூட்டி, காரணத்தை எழுத்தில் வைத்து, அவர்களுடைய மறுமொழியை எழுத்தில் பெறவேண்டும். கேளாமல் தீர்ப்பளிப்பது இயற்கை நீதிக்கு மாறு என்பது சட்டக் கல்லூரி மாணவனும் அறிந்த விதி.

இரண்டாவது, பழைய கட்டடம் எதனையும் இடிக்குமுன் தகுந்தாரைக் கொண்டு பரிசோதித்து, பழுதுபார்க்க இயலுமாயின் பழுதுபார்க்கவேண்டும். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த தடித்த சுவர்கள் வெக்கையைத் தடுப்பன. அவற்றின் உயரமான கூரைகள் காற்றைத் தருவன. சீமெந்துப் பெட்டிகளில் பிள்ளைகளை அவியவைப்பது முன்னேற்றமன்று. இடித்தே தீரவேண்டுமாயின் அளவும் வரைபடமும் படமும் எடுத்த பின்னரே இடிக்கவேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு பாடசாலையின் உறுதி, இடாப்பு, சம்பவத்திரட்டு ஆகியவற்றைப் பிரதியெடுத்துப் பாதுகாக்கவேண்டும். இதற்கு அரசாங்கத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அவ்வூரிற் பிறந்த சட்டத்தரணி ஒருவரும், நில அளவையாளர் ஒருவரும், ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரும் ஒரு விடுமுறையில் முடித்துவிடக் கூடிய வேலை இது.

நான்காவது, கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பாடசாலைக்கு மேலும் ஒரு மண்டபம் கட்டி அதிற் பெயர் பொறிப்பதை நிறுத்தி, சின்னப் பாடசாலைக்கு ஒரு கணித ஆசிரியரை நிறுத்துங்கள். பெயர்ப்பலகையில் உள்ள எழுத்தைக் கிராமத்துப் பிள்ளை வாசிப்பதற்காவது அங்கே பாடசாலை இருக்கவேண்டுமல்லவா?

கமக்காரப் பெருமக்களே! விதைநெல்லை விற்று உண்பவனை நீங்கள் மதிப்பதில்லை. ஊர்ப் பாடசாலை ஊரின் விதைநெல். அதனை மூட வருவோரைப் பார்த்து வாளாவிருப்பது விதைநெல்லை விற்பதற்கு ஒப்பாகும். கற்றோரே! உங்களுக்கு எழுத்தறிவித்த வளவுக்கு நீங்கள் பட்ட கடன் விழாவிற் பேசித் தீர்வதன்று. அடுத்த பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டம் என்று என்பதை அதிபரிடம் கேட்டறிந்து, கமக்காரனும் கூலித் தொழிலாளியும் பக்கத்தில் இருக்க, அவர்களோடு ஒரே வாங்கில் போய் அமருங்கள். வட்டுக்கோட்டையார் 17 ஆண்டு காத்திருந்து திறப்பித்ததை நாம் ஒரு கையொப்பத்தில் இழந்துவிடலாகாது.